உவனைத் திருத்தாதீர்கள்

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் கதையை முன்பு இந்த இதழில் வெளியிட்டோம். அதில் மூன்று இடங்களில் ‘உவன்’ வந்தது. மூன்றும் ‘இவன்’ ஆகி அச்சேறின. மெய்ப்புப் பார்த்தவன் நான்தான். “கேட்பவன் பக்கத்தில் நின்ற ஆளைச் சொல்கிறவன் பக்கத்துக்கு இழுத்துவிட்டீர்களே” என்று நண்பர் எழுதினார். சிரிப்பாகத்தான் எழுதியிருந்தார், எனக்குச் சிரிக்க வரவில்லை. அ, இ, உ மூன்றையும் சுட்டாகத் தொல்காப்பியம் சொல்கிறது. இங்கே நாம் ஒன்றைத் தொலைத்துவிட்டு, வைத்திருப்பவரைத் திருத்துகிறோம்.

ஈழத்தோடு சேர்ந்து புத்தகம் போடுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அந்த மூன்று ‘உவன்’களும் நினைவுக்கு வருகிறார்கள்.

நாம் கொடுப்பவர், அவர்கள் வாங்குபவர் என்ற நினைப்புக்கு வரலாற்றில் இடமில்லை. 1849இல் ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்கத்தான் சென்னைக்கு வந்தார். வாங்கி வண்ணார்பண்ணைக்குக் கொண்டுபோனார். பிறகு சென்னையிலும் ஓர் அச்சுக்கூடம் வைத்தார். உ.வே.சா.வின் சீவக சிந்தாமணி வந்த அதே 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் சிறுப்பிட்டிக்காரரான சி.வை. தாமோதரம்பிள்ளை.

1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதியை இலங்கை அரசு கட்டுப்படுத்தியபோது இங்கே பலர் முகம் சுளித்தார்கள். அங்கே அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரமாக உள்ளூர் நாவல்கள் வரிசையாக வந்தன. எந்தத் தடைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நம் வார இதழ்க் கட்டுகள் போய் இறங்காதபோது அங்கே எழுதியவர்களுக்கு வாசகர் கிடைத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி 1984இல் க்ரியா வெளியிட்ட ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’. தொகுத்தவர்கள் எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும். யார் கவிஞர் என்பதை அங்கிருப்பவர்கள் சொன்னார்கள். இங்கிருப்பவர்கள் ஒழுங்காக அச்சடித்துக் கொடுத்தார்கள். கூட்டு என்றால் அதுதான். கொழும்புக் கடைக்கு 50 பிரதி அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பதற்குப் பெயர் வியாபாரம். அதில் தவறில்லை, பெயரை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

வியாபாரமாகவும் அது இப்போது கட்டுப்படியாகவில்லை. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல். 200 ரூபாய்ப் புத்தகம் அனுப்பும் கூலியும் கடைக்காரர் கழிவும் சேர்வதற்கு முன்பே 600ஐத் தாண்டிவிடும். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் அதை எப்படி வாங்குவார்? அச்சுக்கான கோப்பை அனுப்பி, வேண்டிய 100 பிரதியை அங்கேயே அச்சடிக்கச் சொல்லி, விலையை அவர்களே வைக்கட்டும் என்று விடுவதுதான் நேர்வழி. அதற்கும் சோதனை வரும்: 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்துப் பள்ளிப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அப்படிப்பட்ட நாளில் இங்கே அடித்து அனுப்பலாம். எத்தனை பிரதி, எழுத்தாளருக்கு எவ்வளவு, எந்த நாட்டுப் பணத்தில், எந்த மாதம் என்பதை மட்டும் முதலிலேயே தாளில் எழுதிவிட வேண்டும். நட்பை நம்பி எழுதாமல் விட்ட கணக்குகள் நட்பையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கின்றன.

அங்கே அச்சாகும் நூல் இங்கே வருவது இன்னும் அரிது. கொழும்பு, சென்னை என்று இரண்டு முகவரியும் போட்டு வரும் குமரன் புத்தக இல்லம் போன்றவை விதிவிலக்கு. ஆனால் அதைப் படிக்க வேண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்: நம் சின்னசேலத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டு அரசு இந்த முகாம்களின் பெயரில் ‘அகதிகள்’ என்பதை எடுத்துவிட்டு ‘மறுவாழ்வு’ என்று மாற்றியது. முகாமில் பிறந்த பிள்ளைகள் நம்மைப் போல நாற்காலி என்கிறார்கள். அம்மம்மாமார் வாயில் அது இன்னும் கதிரைதான். அந்தப் பிள்ளைகள் கையில் கதிரை என்று அச்சான ஒரு புத்தகம் இருக்க வேண்டாமா?

அடுத்த இதழ் இங்கும் யாழ்ப்பாணத்திலும் அச்சாகும். இரண்டு முகவரி, இரண்டு விலை. அங்கிருந்து வரும் எழுத்துகளுக்கு அவர்களே மெய்ப்புப் பார்ப்பார்கள். 2023இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் போகிறவர்கள் திரும்பும்போது பையில் இரண்டு பிரதிக்கு இடம் வையுங்கள். முகாமிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து ஒருமுறை படித்துப் பார்த்தால் நல்லது. சிவப்பு மையும் தேநீரும் எங்கள் பொறுப்பு.