பேக் கொடுங்கள், பிள்ளையின் முகத்தை விடுங்கள்

டீச்சர் காலமாகி நாற்பது நாள் கடந்துவிட்டது. "சிறந்த கணித ஆசிரியை", "முப்பது வருட சேவை" என்று நிறையப் பேர் எழுதினார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 2005 ஜனவரியில் அவர் செய்ததை யாரும் எழுதவில்லை. இப்போது அதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது.

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இழப்பு இல்லை. நான் அப்போது தரம் 8, டீச்சர் எங்கள் வகுப்பாசிரியை. (பிறகு கலாசாலை முடித்து அதே பாடசாலைக்கு வந்து, அவரோடு ஒரே ஸ்டாப் ரூமில் இருக்கும் பாக்கியமும் கிடைத்தது.) பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து எங்கள் முஸ்லிம் பாடசாலைக்கு வந்தவர். அலையில் தங்கையையும் தங்கையின் மகளையும் பறிகொடுத்திருந்தார். அந்தப் பிள்ளைக்கும் எங்கள் வயதுதான்.

பாடசாலை திறந்த அன்று எங்கள் வகுப்பில் ஆறு பேர் இல்லை. டீச்சர் இடாப்பு கூப்பிடவில்லை. "ஆரார் வந்திருக்கீங்க எண்டு நான் பாத்துக் கொள்ளுறன்" என்று மேசை மேசையாக வந்து, தலையைத் தடவி, தானே அடையாளம் போட்டுக்கொண்டார். அந்த ஆறு பெயரும் வாசிக்கப்பட்டு, பதில் வராமல் நாங்கள் உட்கார்ந்திருக்க வேண்டி வரவில்லை. இது எவ்வளவு பெரிய விசயம் என்பது நான் இடாப்பு எடுக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

அடுத்த வாரம் நிவாரணம் கொடுக்க ஒரு குழு வந்தது. "உம்மா மௌத்தான பிள்ளைகள் மட்டும் முன்னுக்கு வாங்க" என்றார்கள், கெமராவோடு. டீச்சர் வகுப்பு வாசலில் நின்றார். "சாமானைத் தாங்க, நான் குடுக்கிறன். பிள்ளைகளைப் படம் எடுக்க வேணாம்." வந்தவர்கள் கோபித்துக்கொண்டு சாமானோடு திரும்பிவிட்டார்கள். அதிபரிடம் டீச்சருக்கு ஏச்சும் கிடைத்தது. பிறகு சம்பளக் காசில் அவரே கொப்பியும் பென்சிலும் வாங்கி வந்தார். உம்மா இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மாதிரி.

கடந்த நவம்பரில் டித்வா மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது நம்மூரிலிருந்து லொறி லொறியாகப் போனது. சுனாமியைக் கண்ட ஊர், போகத்தான் வேண்டும். பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த படங்கள்தான் நெஞ்சை உறுத்துகின்றன. பேக்கைப் பிடித்தபடி ஒரு சிறுமி, கீழே "தாயை இழந்த மாணவி" என்ற வரி, பாடசாலையின் பெயர், தரம். அன்று எடுத்த படம் என்றால் எங்கோ ஒரு அலுவலக அல்பத்தில் கிடந்திருக்கும். இன்று போட்ட படம், அந்தப் பிள்ளை உயர்தரம் படிக்கும்போது அவளுடைய போனுக்கே வரும்.

காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறார்கள். நியாயம். லொறியைப் படம் எடுங்கள், அடுக்கிய பேக்குகளை எடுங்கள், அதிபரின் கையொப்பமும் பாடசாலை முத்திரையும் உள்ள கடிதத்தைப் போடுங்கள். இரகசிய சதகாவைப் பற்றி பயான் கேட்காத ஆள் நம்மூரில் இருக்கிறாரா?

நோன்புக்கு முன் அடுத்த தொகுதி போகிறதாம். குழுவில் உள்ள தம்பிமார் இதை வாசித்தால், ஏற்கெனவே போட்டவற்றில் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.