போரை முடித்ததா அணுகுண்டு?

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் டீ நேரத்திலும் அந்தப் பேச்சு வந்தது: "ஒரு அணுகுண்டைப் போட்டா சண்டை முடிஞ்சிரும்." ஹிரோஷிமாவில் அப்படித்தான் முடிந்தது என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

முடிந்ததா? 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா, 9இல் நாகசாகி. இடையில் 8ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஜப்பான் மீது போர் அறிவித்தது. குண்டு போடாமலே அந்த ஆண்டுக்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்று 1946இல் சொன்னது அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக் குழுவேதான். ஹிரோஷிமாவில் செத்தவர்களில், ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்த கொரியாவிலிருந்து வந்த உழைப்பாளர்கள் ஆயிரக்கணக்கில். 1970இல் அவர்களுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது; 1999இல்தான் உள்ளே போனது. சுடுகாட்டையும் சாதி பார்த்துப் பிரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கதையும் அதுதான். 1998இல் இரு நாடுகளும் குண்டு வெடித்துக் காட்டின. மறு ஆண்டே கார்கில். இந்தியத் தரப்பில் மட்டும் 500க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். குண்டு இருந்ததால்தான் போர் பெரிதாகவில்லை என்பார்கள். 2025இல் சண்டையை நிறுத்தியது இரு ராணுவ அதிகாரிகளின் தொலைபேசிப் பேச்சு. அதற்குக் குண்டு எதற்கு?

குண்டு ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது: வைத்திருப்பவரைக் காத்து, அடியைக் கீழே தள்ளிவிடுகிறது. அணு ஆயுத ரஷ்யாவோடு நேரில் மோத யாரும் தயாரில்லை. அதனால் உக்ரைன் போரை முடிக்க அழுத்தம் என்று, ரஷ்ய எண்ணெய் வாங்கிய இந்தியா மீது அமெரிக்கா கூடுதல் வரி போட்டது. 2025 ஆகஸ்ட் 27இல் மொத்த வரி 50 விழுக்காடு. எண்ணெயில் லாபம் பார்த்தவர் வேறு. அடி விழுந்தது திருப்பூரில். ஆர்டர் நின்றால் முதலில் வேலை இழப்பவர் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், செக்கிங் பெண்கள், கைமடிப் பிள்ளைகள். தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த ஒடுக்கப்பட்ட மக்கள் இவர்களில் ஏராளம்.

1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தபோது அண்ணல் அம்பேத்கர் ஒரு கணக்குச் சொன்னார்: ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய், அதில் படைக்கு 180 கோடி. அண்டை நாட்டோடு பகையைத் தீர்க்காததன் விலை அது என்றார்.

அணுகுண்டைப் புகழும் தோழரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். போர் பேச்சில்தான் முடிகிறது. அதுவரை செலவு நம் கூலியிலிருந்து போகிறது.