கன்று கொடுத்தால் போதுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வீட்டு வளவுகளில் முந்திரிகைக் கொடி உண்டு. பெரும்பாலும் அது இஸ்ரேல் புளூ இனமாகவே இருக்கும். பந்தல் நிறைய இலை இருக்கும். பழமோ இரண்டு மூன்று குலைதான். மண் சரியில்லை, கன்று சரியில்லை என்று சொல்லி மேலும் யூரியா போடுகிறார்கள். அதற்கும் காய்க்காவிட்டால் கொடியை அடியோடு தறித்துவிடுகிறார்கள். பல வீடுகளில் குறை மண்ணில் இல்லை. கொடியை உரிய காலத்தில் வெட்டாமல் விடுவதே குறை என்பது எமது கருத்து.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் முந்திரிகை இலையுதிர்த்து உறங்குகிறது. பின்னர் புதுத்தளிரோடு பூங்குலையும் வருகிறது. எமது நாட்டில் அந்த உறக்கம் இல்லை. பனிக்காலம் செய்யும் வேலையை இங்கே நாமே கத்தியால் செய்ய வேண்டும். முற்றிய கொடியின் கணுவிலிருந்து எழும் புதுத்தளிரிலேதான் குலை வரும். வெட்டாத கொடி நீளுமேயன்றிக் காய்க்காது.

காலமும் முக்கியம். மாரி மழையில் பூத்தால் பூ அழுகும். இலையில் பூஞ்சண நோயும் பரவும். மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒரு முறையும், வைகாசியில் மறுமுறையும் வெட்டுவது நன்று. வெட்டியதிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் பழம் பறிக்கலாம். ஆகவே இரண்டு அறுவடையும் மாரிக்கு முன்பே முடிந்துவிடும்.

வெட்டுவதற்குச் சில நாட்களுக்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள். பழுப்பு நிறமாக முற்றிய, பென்சில் பருமனான கொடிகளில் நான்கைந்து கணுக்களை விட்டு மீதியை நறுக்குங்கள். மெலிந்த கொடிகளை முழுதாக நீக்குங்கள். எஞ்சிய இலைகளையும் கிள்ளிவிடுங்கள். பின்னர் மாட்டெருவும் பூவரசங்குழையும் தாட்டுத் தண்ணீர் விடுங்கள். தளிருக்கு ஒன்றிரண்டு குலைகளே போதும். முந்திரிகை பறித்தபின் இனிக்காது. குருவிக்குப் பயந்து புளிப்பாகப் பறிக்காமல் வலை கட்டிக் காத்திருங்கள்.

யூரியாவைக் கூட்டினால் இலைதான் கூடும். மிஞ்சியது சுண்ணக்கல்லின் ஊடாக நிலத்தடி நீரில் கலக்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காய்க்காத கொடிக்குப் போடும் பசளை எமது பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைக் கெடுக்கிறது.

இங்கே நிறுவனங்களுக்கும் ஒரு சொல். கன்று விநியோகம் என்றால் விழா உண்டு, புகைப்படம் உண்டு, அறிக்கையில் எழுத ஓர் எண்ணிக்கையும் உண்டு. ஒரு வருடத்தின் பின் அந்தக் கொடியை வெட்டிக் காட்ட யார் போகிறார்கள்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பழம் என்பது பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. வளவில் நிற்கும் கொடியே அவர்களுக்குப் பழம் தரலாம். கொஞ்சம் பணமும் தரலாம்.

ஆகவே நாம் கேட்பது பெரிய திட்டமல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் இருவர், முக்கியமாகத் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், இந்த வேலையைப் பழகட்டும். தையிலும் வைகாசியிலும் அவர்கள் வீடு வீடாகச் சென்று வெட்டிக் கொடுக்கட்டும். அதற்குரிய கூலியையும் பெறட்டும். புதிய கன்றுகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும். ஏற்கெனவே நிற்கும் கொடிகள் காய்க்கட்டும்; புதிய கன்றுகளைப் பிறகு யோசிக்கலாம்.