ஊசி போட்டதும் காய்ச்சல் ஏறுதே!

மழைத் தண்ணீர் வடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் வருகிற காய்ச்சல்களில் எலிக்காய்ச்சலும் ஒன்று. எலி, மாடு, நாயின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நடந்தால் போதும். காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாகவே லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே புகுந்துவிடும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு, நுரையீரலில் ரத்தக் கசிவு வரை போகும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது, வைத்தியம் ஆரம்பித்த பிறகு நடக்கிற கூத்து!

பெனிசிலின் முதல் ஊசி போட்டாச்சு. சில மணி நேரத்தில் நோயாளிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. காய்ச்சல் முன்பைவிட ஏறுகிறது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "நல்லா பேசிட்டிருந்த மனுஷனுக்கு என்ன ஊசியைப் போட்டீங்க? வாங்க, வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று காருக்குச் சொல்லிவிடுவார்கள்.

அவசரப்படாதீங்க. மருந்து பட்டு கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது, அவற்றின் சிதைவுகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு அதை எதிர்த்துக் கொதிக்கிறது. 'யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்விளைவு' என்று இதற்குப் பெயர். வாயில் நுழையாத இந்தப் பெயர், சிஃபிலிஸ் சிகிச்சையில் இதைக் கவனித்த இரண்டு தோல் டாக்டர்களுடையது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். ஏற்கெனவே துவண்டு கிடப்பவருக்கு இது பெரிய ஆபத்து. சலைன் ஏற்றி, பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டிய அந்த நேரத்திலா காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுவது?

அதற்காக எல்லா நடுக்கத்தையும் 'மருந்து வேலை செய்யுது' என்று விட்டுவிடவும் கூடாது. ஊசி போட்ட சில நிமிஷங்களில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம். அந்த மருந்தை உடனே நிறுத்தியாக வேண்டும். இது எது என்று பிரித்துப் பார்ப்பது நம் வேலை இல்லை. எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டாக்டர்கள் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "இன்னிக்கு ராத்திரி குளிர் நடுக்கம் வரலாம், நாங்க பார்த்துக்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அதைச் சொல்லாததால்தான் பாதி சண்டை. அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. உடம்பு வலிக்குதே என்று வெளியே மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மாத்திரைகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும். சிறுநீரையும் அளந்து குறிக்கும் முன்னே கொட்டிவிடாதீர்கள். அளவு குறைகிறதா என்று பார்த்துத்தான் டயாலிசிஸ் வேண்டுமா என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.