தட்காலா, சாதாரணமா?



உம்ராவுக்கோ வளைகுடா நாட்டு வேலைக்கோ புறப்பட எண்ணும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் விண்ணப்பிப்பதா, தட்கால் முறையிலா என்பதே. இக்கேள்விக்கு நான் ஒருமுறை அவசரத்தில் சொன்ன பதில், ஒரு தாயின் பயணத்தைத் தடுத்துவிட்டது. அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் அறுபதைக் கடந்த ஓர் உம்மா இருக்கிறார். ரமலானில் உம்ரா செல்ல மகன் பணம் அனுப்பியிருந்தார். குழு புறப்பட ஐந்து வாரங்களே இருந்தபோது மருமகள் என்னிடம் யோசனை கேட்டார். "தட்கால் இருக்கும்போது கவலை எதற்கு?" என்று சொல்லிவிட்டேன். மையத்தில் அவர் நீட்டிய மூன்று சான்றுகளில் ஒன்றில் பெயர் 'பீவி' என்றும், மற்றொன்றில் 'பீ' என்றும், மூன்றாவதில் 'அம்மாள்' என்றும் முடிந்தன. பெயரைச் சீராக்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். திருத்தம் கைக்கு வருமுன் குழு புறப்பட்டுப் போயிற்று. "அல்லாஹ் நாடினால் அடுத்த வருஷம்" என்று அந்த உம்மா எனக்கே ஆறுதல் சொன்னார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அன்று நான் மறந்தது இதுதான்: தட்கால் அலுவலகத்தை விரைவுபடுத்தும், நம் தாள்களில் உள்ள பிழையைத் திருத்தாது.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கான சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். தட்காலுக்கு மேலும் 2,000 ரூபாய் சேர்ந்து 3,500 ஆகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம் தட்காலை நாடினால், விரைவுக்காக மட்டும் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகும். சாதாரண முறையில் 60 வயதைக் கடந்தோருக்கும் 8 வயதுக்குட்பட்டோருக்கும் புதிய விண்ணப்பத்தில் 10 விழுக்காடு சலுகையும் உண்டு.

முதல்முறை விண்ணப்பிப்போருக்குச் சாதாரண முறையில் பெரும்பாலும் காவல்துறை விசாரணை முடிந்த பின்னரே பாஸ்போர்ட் அச்சாகும். விசாரணைக்கு வரும் நாளில் வீடு பூட்டியிருந்தாலும், விண்ணப்பத்தில் உள்ள முகவரியில் நாம் குடியிராவிட்டாலும் தாமதமே. தட்காலில் அலுவலர் ஒப்புதல் அளித்துவிட்டால், பொதுவாக மூன்றாவது வேலை நாளுக்குள் பாஸ்போர்ட் அனுப்பப்படும். விசாரணை பின்னர் நடக்கும். ஆனால் பணம் கட்டியதாலேயே தட்கால் நமக்கு உரிமையாகிவிடாது. முடிவு பாஸ்போர்ட் அலுவலருடையது. ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்ற பட்டியலில் உள்ளவற்றில் மூன்று சான்றுகள் வேண்டும். பெயரைப் பெருமளவு மாற்ற விரும்புவோருக்குத் தட்கால் வழி கிடையாது.

நம் வீடுகளில் பெயர்ச் சிக்கல் அதிகம். முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறோம். வாப்பாவின் பெயரை ஒரு சான்றில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுமையாகவும் எழுதுகிறோம். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசாவுக்குத் தடை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் மக்கள் பலர் கலங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. எனவே விண்ணப்பத்தில் பெயர்ப் பகுதியை நிரப்பும்போதே கவனம் வேண்டும்.

எந்த முறை என்பதை எப்படி முடிவு செய்வது? விமானம் ஏறும் நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். விசாவுக்குப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதற்கு மூன்று மாதங்களோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண முறையே போதும். முதல்முறை விண்ணப்பிப்போருக்கும், சான்றுகளில் ஐயம் உள்ளோருக்கும் அதுவே ஏற்றது. திடீர் சிகிச்சை, வெளிநாட்டில் உறவினர் மரணம், நாள் குறித்த வேலை அழைப்பு ஆகியவற்றுக்குத் தட்காலை நாடலாம். மூன்று சான்றுகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் மட்டுமே.

சகோதரிகளே, இன்றிரவே அலமாரியைத் திறந்து வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுடையது 10 ஆண்டுகளுக்கு. சிறு பிள்ளைகளுடையதோ 5 ஆண்டுகளுக்கே. வாப்பா, உம்மாவின் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க, பிள்ளையுடையது காலாவதியாகி மொத்தக் குடும்பமும் நின்றுவிடும் நிலை வரலாம். உம்ரா விசாவுக்கு ஆறு மாதங்களாவது மீதமிருக்க வேண்டும். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். தரகரிடம் போகாமல், அரசின் பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலேயே பதிவு செய்யுங்கள். அதைப் போலவே தோன்றும் போலித் தளங்களும் உண்டு.

அந்த உம்மா பெயர்களைச் சீராக்கிய பின் சாதாரண முறையிலேயே விண்ணப்பித்தார். பாஸ்போர்ட் வந்த அன்று அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டே திருப்பிக் கொடுத்தேன். இன்ஷா அல்லாஹ், வரும் ரமலானில் அவர் புறப்படுகிறார்.