மோதிப் பழக ஓர் ஆள்

2025 ஓகஸ்ட் 16ஆம் திகதி ரியாத்தில் டிலியன் வைட்டை விழுத்த அதிபாரக் குத்துச்சண்டை வீரர் மொசஸ் இட்டவுமாவுக்கு 119 விநாடிகள் போதுமாக இருந்தன. வைட் லேசுப்பட்ட ஆள் இல்லை. உலகப் பட்டத்துக்காக டைசன் பியூரியோடு மோதியவர், முப்பதுக்கு மேற்பட்ட போட்டிகளில் இறங்கியவர். இட்டவுமாவுக்கு அப்போது வயது 20. அந்த வெற்றியோடு 13 போட்டிகள், 13 வெற்றிகள், அதில் 11 நொக்கவுட்.

அந்தப் போட்டியின் காணொளியை எங்கள் வன்னிப் பெடியள் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். "அண்ணை, எங்கட பக்கத்தில இப்பிடி ஒருத்தன் வருவானோ?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

பலம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. குத்தின் வலு தோளில் இருப்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தெரியும். அது தொடங்குவது பாதத்தில். பின்காலால் நிலத்தை உதைத்து, இடுப்பைத் திருப்ப, அந்த வேகம் தோள் வழியாக முஷ்டிக்கு வந்து சேர்கிறது. நாடியில் அது விழும்போது தலை சட்டென்று சுழல்கிறது, உள்ளே மூளை திருகுப்படுகிறது, நினைவு தப்புகிறது. வருவது தெரியாத அடிதான் மிகப் பொல்லாதது. கழுத்துத் தசை இறுகித் தாங்க அவகாசமே கிடைக்காது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை லொறியில் அடுக்கும் எங்கள் நாட்டாமைமாரின் காலையும் இடுப்பையும் பார்த்தவர்கள், வன்னியில் உடல் வலுவுக்குக் குறைவு என்று சொல்ல மாட்டார்கள்.

குறைவு வேறிடத்தில். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதிபாரப் பிரிவு என்பது 200 இறாத்தலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 91 கிலோ. அந்த எடையுள்ள ஒருவன் வளர, அதே எடையுள்ள இன்னும் நாலு பேர் பக்கத்தில் இருக்க வேண்டும். 60 கிலோப் பெடியனோடு மோதிப் பழகினால் இருவருக்கும் கேடு. பெரியவன் கையை அடக்கி அடக்கியே பழகிவிடுவான், சின்னவன் காயப்படுவான். இட்டவுமா பிறந்தது ஸ்லோவாக்கியாவில், வளர்ந்தது இங்கிலாந்தின் சாத்தம் (Chatham) நகரில். அண்ணன் கரோலும் குத்துச்சண்டை வீரர். மோதிப் பழகப் பாரமான ஆட்களுக்கு இங்கிலாந்தில் பஞ்சமில்லை. 2022இல் இளையோர் உலகப் பட்டத்தை வென்றபோது மொசஸுக்கு 17 வயது.

பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கையின் குத்துச்சண்டைக் கணக்கைப் பாருங்கள். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிக்கஸ் வென்ற தங்கம், 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் கிடைத்த மூன்று வெண்கலங்கள், எல்லாமே 60 கிலோவுக்குக் கீழே. எங்கள் மண்ணிலும் அப்படித்தான். 2022 ஜனவரியில் லாகூரில் சவேட் என்ற காலும் கையும் சேர்ந்த சண்டையில் தங்கம் வென்ற முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவியும் எடை குறைந்த பிரிவுக்காரிதான். அவரது வெற்றி என்னை இன்றும் நெஞ்சு நிமிர வைக்கிறது. தகப்பனை இழந்த, வசதியில்லாத ஒரு வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை அவர். ஒரு பயிற்றுநரும் தாயும் துணையிருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வன்னி மாவட்டங்களுக்குக் காட்டியவர்.

அதிபாரப் பிரிவில் ஆசியாவுக்கே முன்மாதிரி வேண்டுமென்றால் ஹரியானாவின் ஹவா சிங் இருக்கிறார். 1966, 1970 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம். இந்திய இராணுவத்தில் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு பிவானியில் பயிற்சிக்கூடம் ஒன்று உருவாகக் காரணமாக நின்றார். 2008இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் அந்தப் பிவானியில் வளர்ந்தவர். தங்கப் பதக்கங்களைவிட அந்தக் கூடத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஓர் ஊரில் பல பேர் சேர்ந்து பழகத் தொடங்கினால் மற்றதெல்லாம் பிறகு வரும்.

எங்களுக்குப் பிவானி வேண்டாம், ஒரு மண்டபம் போதும். வலய மட்ட விளையாட்டுப் போட்டிகளில் குண்டு போடுதலிலும் பரிதிவட்டத்திலும் நிற்கிற உயரமான, பாரமான பிள்ளைகளை யார் கவனிக்கிறார்கள்? போட்டி முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலுமாக அப்படிப் பத்துப் பேரைத் தேடிப் பெயர் எழுதி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாங்குளத்தில் ஒன்றுசேர்க்கலாம். ஏ9 வீதியில் மூன்று பக்கத்தாருக்கும் இடையில் இருக்கும் ஊர் அது. தலைக்கவசம், 16 அவுன்ஸ் கையுறைகள், பல்காப்பு, பேருந்துக் காசு, மதியச் சாப்பாடு. இவற்றுக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் கோவில் திருவிழாவுக்கு அனுப்புவதில் ஒரு சிறு பங்கு போதும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மோதிப் பழகும் நாளில் ஒரு வைத்தியர் அங்கே இருக்க வேண்டும். தலையில் அடிபட்டுத் தள்ளாடிய பிள்ளையைக் குறைந்தது ஒரு மாதம் வளையத்துக்குள் ஏற்றக்கூடாது, அடுத்த கிழமை மாகாணப் போட்டி என்றாலும் கூட. வைத்தியர் கிடைக்காத சனிக்கிழமையில் பயிற்சியை ஓட்டத்தோடும் மணல்மூட்டையோடும் நிறுத்திக்கொள்ளலாம்.