காசு வாங்கினால் புண்ணியம் கிடையாதா?

'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நம்ம ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே "மனுஷன் தெய்வம்டா" என்னும். இன்னொரு கட்சி எங்கேயோ நாலு கட்டுரை படித்துவிட்டு வந்து, "அட போடா, அவன் நாஜிக் கட்சி உறுப்பினர், ஜெர்மனிக்கு உளவு பார்த்தவன், காசு பார்க்கத்தான் போலந்துக்கே போனான்" என்று எகிறும்.

தகவல் என்று பார்த்தால் இரண்டாவது கட்சி சொல்வது அத்தனையும் உண்மை. ஆஸ்கர் ஷிண்ட்லர் 1939-ல் கிராக்கோவுக்குப் போனது யாரையும் காப்பாற்ற இல்லை. யூதர்களுக்குச் சொந்தமாக இருந்து நொடித்துப்போன எனாமல் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றை எடுத்து நடத்தினார். யூதர்களை வேலைக்கு வைத்ததும் கூலி மலிவு என்பதால்தான். அதே ஆள்தான் போர் முடிவதற்குள் சம்பாதித்ததையெல்லாம் லஞ்சமாகவும் சாப்பாடாகவும் கொட்டித் தீர்த்து, சுமார் 1,200 பேரை உயிரோடு வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் இரண்டு கட்சி மேலும்தான். கை சுத்தமாக இருந்தால்தான் உயிரைக் காப்பாற்றியது செல்லும் என்பதில் இரண்டும் ஒன்று. ஒருவர் அழுக்கை மறைக்கிறார், இன்னொருவர் அழுக்கைக் காட்டிக் கணக்கையே அடித்துவிடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷிண்ட்லரை விடுங்கள், ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. லியோபோல்ட் சோஹாவை எடுத்துக்கொள்வோம். லுவோவ் நகரத்தில் (இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ்) பாதாளச் சாக்கடைத் தொழிலாளி. இளம் வயதில் திருட்டு, ஜெயில் எல்லாம் உண்டு. 1943 நடுவில் அந்த ஊரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவை ஜெர்மானியர்கள் துடைத்தெடுத்தபோது, ஒரு கூட்டம் சாக்கடைக்குள் இறங்கி ஒளிந்தது. அவர்களைக் கண்டுபிடித்தவர் சோஹா. காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. நாள் கணக்கில் பணம் பேசினார். இரண்டு சக தொழிலாளிகளையும் சேர்த்துக்கொண்டு ரொட்டி கொண்டுவந்தார், வேறு இடத்துக்கு மாற்றினார், மேலே நடப்பதைச் சொன்னார். எலி, நாற்றம், மழை வந்தால் கழுத்தளவு வெள்ளம். அதில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றும், அதைவிடச் சின்னதாக அவளுடைய தம்பியும்.

பணம் தீர்ந்தது. வியாபாரம் என்றால் அன்றைக்கே கடையைச் சாத்தியிருக்க வேண்டும். சோஹா தொடர்ந்து வந்தார். இருபது பேர் அளவில் இறங்கிய கூட்டத்தில் 10 பேர், சுமார் 14 மாதம் கழித்து, 1944 ஜூலையில் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

அக்னியெஸ்கா ஹாலண்ட் 2011-ல் இந்தக் கதையைப் படமாக எடுத்தார். அதில் ஒரு காட்சி. சோஹா தன் சொந்தப் பணத்தை ரகசியமாக யூதர் ஒருவர் கையில் கொடுக்கிறார். எதற்கு? கூட்டாளி முன்னால் அதையே அவர் தனக்குக் கூலியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இலவசமாகச் செய்கிறான் என்று தெரிந்தால் இளித்தவாயன் என்பார்களே! நல்லது செய்வது வெளியே தெரிந்தால் வெட்கம் என்று ஒரு மனுஷன் நினைக்கிற இடம். சாமியார் கதைகளில் இந்த மாதிரி ஒரு இடம் வராது.

இப்போது கொஞ்சம் பி.காம். புத்தியைக் காட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒளித்துவைப்பதற்குச் செலவு உண்டு. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் சாப்பாடு ரேஷன் அட்டைக்குத்தான். ஒளிந்திருப்பவருக்கு ஏது அட்டை? கள்ளச்சந்தையில் வாங்க வேண்டும். வீட்டு ஆட்களுக்கு மிஞ்சி ரொட்டி வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் கவனிப்பார். 1941 அக்டோபரிலிருந்து யூதர்களுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டமே இருந்தது. இந்த நிலையில் ஒரு ஏழைக் குடியானவன் பணம் கேட்டால் அதில் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பிரிக்காமலேயே "காசுக்குச் செய்தான்" என்று எழுதுவது மோசமான கணக்கு.

அதற்காகப் பணம் வாங்கியவர்கள் எல்லோரும் சோஹா என்று சொல்ல வரவில்லை. பணம் இருக்கும்வரை வைத்திருந்துவிட்டு, தீர்ந்ததும் வெளியே தள்ளியவர்கள் இருந்தார்கள். போலீசில் பிடித்துக்கொடுத்தவர்கள், கொன்றே போட்டவர்கள்கூட இருந்தார்கள். ஒளிந்திருப்பவர்களை மிரட்டிக் காசு பிடுங்குவதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்குப் போலிஷ் மொழியில் தனிப் பெயரே உண்டு. ஆக, நான் கேட்பது "வாங்கினானா?" என்பதை இல்லை. தீர்ந்த மறுநாள் என்ன செய்தான்?

டென்மார்க் கதையையும் இதே கேள்வியோடு பாருங்கள். 1943 அக்டோபரில் சுமார் 7,200 யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். முன்கூட்டியே தகவல் கசியவிட்டவர் டக்விட்ஸ் என்கிற ஜெர்மன் தூதரக அதிகாரி, அவரும் நாஜிக் கட்சி உறுப்பினரே. நாடே திரண்டு காப்பாற்றியது என்று பாடம் நடத்துவார்கள். படகுக்கூலி பற்றிச் சொல்ல மாட்டார்கள். சராசரியாகத் தலைக்கு ஆயிரம் குரோனர் அளவுக்குப் போனது, அன்றைய தொழிலாளிக்கு அது பெரிய தொகை. முதல் சில நாட்களில், யாருக்கும் எதுவும் புரியாத பதற்றத்தில், அதைவிடப் பல மடங்கு கேட்டவர்களும் உண்டு. படகு பிடிபட்டால் பிழைப்பே போய்விடும் என்பது நியாயம்தான். ஆனால் பயத்தைப் பார்த்து விலையை ஏற்றியவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அப்புறம் நிதி திரட்டினார்கள், ஏற்பாடுகள் ஒழுங்குக்கு வந்தன, விலையும் இறங்கியது. அதிகம் கேட்டவன் படகில் போனவரும் அக்கரை சேர்ந்து உயிர் பிழைத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கக்கூடாது.

காசு விஷயத்தையாவது இப்படி அளந்துவிடலாம். என் அளவுகோல் உடைகிற இடம் ஸோஃபியா கோசாக். போலந்தின் பிரபலமான கத்தோலிக்க எழுத்தாளர். 1942 ஆகஸ்டில், வார்சா யூதர்களை ரயிலேற்றிக் கொல்ல அனுப்பிக்கொண்டிருந்தபோது, ரகசியமாக ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். இந்தக் கொலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனும் கூட்டாளிதான் என்று அடித்துச் சொன்னார். அதே அறிக்கையில், யூதர்கள் போலந்தின் எதிரிகள், அந்த எண்ணம் எங்களுக்கு மாறவில்லை என்றும் எழுதினார். எழுதியதோடு நிற்கவும் இல்லை. யூதர்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு தலைமறைவு அமைப்பு உருவாகக் காரணமான இரண்டு பெண்களில் அவர் ஒருவர். 1943-ல் பிடிபட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்கும் போனார்.

இவரை என்ன செய்வது? வெறுப்பு இருந்தும் காப்பாற்றினாரே, பெரிய மனசு என்று சிலர் உருகுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. "அவர்கள் நம் எதிரிகள்" என்று மரியாதைப்பட்டவர்களே பேசிப் பேசித்தான், யூதரை ஒளித்துவைத்தவன் ஜெர்மானியனைவிடப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அதிகம் பயப்பட வேண்டிய ஊர்கள் உருவாயின. போர் முடிந்த பிறகும் தங்கள் பெயரை வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சியவர்கள் இருந்தார்கள். அதே சமயம், யூதர்கள் மேல் எந்த வெறுப்பும் இல்லாமல், ஐயோ பாவம் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்ட ஆயிரமாயிரம் நல்லவர்களைவிட அந்த அம்மாவின் பக்கம்தான் அதிக உயிர் இருக்கிறது. வெறுப்பையும் எழுதுங்கள், உயிரையும் எழுதுங்கள். கூட்டிக் கழித்து ஒற்றை எண்ணாகக் கேட்காதீர்கள்.

இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம், காப்பாற்றியவர்களுக்கு நீதிமான்கள் என்று பட்டம் தருகிறது. இதுவரை 28,000 பேருக்கும் மேல். காசை நிபந்தனையாக வைத்துக் காப்பாற்றியவர்களுக்குக் கிடையாது என்பது அங்கே விதி. பட்டம் கொடுப்பவருக்கு ஒரு விதி வேண்டும்தான், குறை சொல்லவில்லை. சோஹாவுக்கு அந்தப் பட்டம் 1978-ல் கிடைத்தது. ஆனால் பட்டத்துக்கான விதியையே மனுஷனை எடை போடுகிற தராசாக நாம் தூக்கிக்கொண்டு திரிவதுதான் தப்பு. அவர்களைக் கோபுரத்தில் ஏற்றிவிட்டால் நமக்கு வசதி. "நான் என்ன மகானா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். சோஹா மகான் இல்லை. அதனால்தான் அவர் நமக்குத் தொந்தரவு.

போர் முடிந்து ஒரு வருஷத்தில், 1946 மே மாதம், அவர் மகளோடு போய்க்கொண்டிருந்தபோது சோவியத் ராணுவ லாரி ஒன்று வந்தது. மகளைக் காப்பாற்றிவிட்டு அவர் செத்துப்போனார். யூதர்களுக்கு உதவியதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று இறுதிச் சடங்கில் யாரோ பேசிக்கொண்டார்களாம், அந்தப் படத்தின் கடைசியில் எழுத்தில் போடுகிறார்கள். பேசியவர்கள் எந்த யூதரிடமும் ஒரு ஸ்லோட்டிகூட வாங்கியிருக்க மாட்டார்கள்.